நீ கத்தியது எனக்குக் கேட்டது

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து, தூங்கி எழுந்து தெம்பாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே பெரிய மனுஷர் மாதிரி உலாத்துகிறார், சொட்டு மருந்து போடப் போனால் மட்டும் குழந்தை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சித்தி மகள் ஒருவழியாக டிரைவிங் டெஸ்டில் தேறிவிட்டாள், இனி ரோட்டில் பார்த்துத்தான் நடக்க வேண்டும். நம் குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, குடிநீர் வாரியத்தில் போனில் புகார் வாங்குகிறவள் வீட்டிலேயே இந்த லட்சணமா என்று அப்பா கேலி பண்ணுகிறார். எல்லாரும் சுகம். நான் மட்டும் சுகமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். போனில் சொன்னால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படி.

அன்றைக்கு உன் ஆட்டத்தை நான் டிவியில் பார்க்கவில்லை. நேரில் வந்திருந்தேன். அவ்வளவு பெரிய டென்னிஸ் போட்டியில் முதல் தடவையாக ஆடுகிறாய், அம்மா வந்தா எனக்குப் படபடப்பா இருக்கும், வீட்லயே பாக்கச் சொல்லு என்று நீ சொன்னாயாம். அக்காதான் மனசு கேட்காமல் உனக்குத் தெரியாமல் எனக்கு ஒரு டிக்கெட் வாங்கி வைத்தாள். ஆட்டம் முடிந்ததும் என்னை உன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி உன்னை அசத்த வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நானும் லீவு போட்டு, காலையில் ரயில் ஏறி, புதுச் செருப்பு கடிக்கக் கடிக்க வந்தேன். வாசலில் குடையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே வந்தால் திருவிழாக் கூட்டம், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மைதானம், எங்கேயோ கைதட்டல், எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் மைதானத்தைத் தேடிப் பிடித்துப் போனால் படிக்கட்டுக்குக் கீழே ஒரு கயிற்றைக் கட்டி மறித்துவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும்போதுதான் ஜனங்கள் உள்ளே போகலாமாம். அங்கே நின்றால் எதுவும் தெரியாது, காதில் விழுவதுதான். கூட்டமே மூச்சு விடாமல் இருந்த அந்த அமைதியில் உன் குரல் கேட்டது. தமிழே தெரியாத அந்த ஊரில் நம் பேச்சு காதில் விழுந்ததும் எனக்கு ஒரு நிமிஷம் உள்ளமெல்லாம் பூரித்துப்போனது. அப்புறம்தான் நீ சொன்னது மண்டையில் ஏறியது. எதுக்குப் பிடிச்சு வச்ச பொம்மை மாதிரி உக்காந்திருக்க, வாயத் திறந்து ஏதாவது சொல்லித் தொலையேன் என்று உனக்குக் கோச்சாக வந்திருக்கிற அக்காவிடம் கத்தினாய். அவள் கொஞ்சம் பின்னால நில்லு என்றாள். அதற்கும் கத்தினாய், வாய மூடு என்று.

உள்ளே விட்டார்கள், போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பெரியவர், நல்ல மனுஷர், கால் வைக்க இடம் விட்டார். நீ மறுபடி கத்தியதும், என்ன சொல்கிறான் உங்களுக்குப் புரிகிறதா என்று என்னிடம் கேட்டார். அக்காவிடம் யோசனை கேட்கிறான் என்று சொன்னேன். இன்னொரு தடவை கேட்டார், சாமியைக் கூப்பிடுகிறான் என்றேன். வாய் கூசாமல் பொய் சொன்னேன். அப்புறம் மூன்றாவது செட்டில் உன் சர்வீஸ் வரிசையாக வலையில் விழுந்தபோது நீ சொன்னாயே, அதை அப்படியே எழுதுகிறேன், படி. நீ ஆடி என்னத்தக் கிழிச்ச, உன் முட்டி போனதே நல்லதுதான், இல்லன்னா இன்னும் நிறையப் பேர்கிட்ட தோத்திருப்ப என்றாய். ஏன்டா, ஆடுவதையே விட வைத்த அந்த முட்டியை வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகையை நீ பார்த்ததில்லையா? பெரியவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு அந்த மொழியே தெரியாது என்று சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளை பேசுகிற மொழி எனக்குத் தெரியாதாம். இதைச் சொல்ல வைத்தாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் நான் உன்னைப் பார்க்க வரவில்லை. தலைவலி என்று அக்காவுக்குப் போன் பண்ணிவிட்டு ரயிலேறிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் அப்பா, ஆட்டத்துல சூடு இருக்கும், இதெல்லாம் சகஜம், விடு என்றார். அவருக்கும் நன்றாகக் கொடுத்தேன். இருபது வருஷமாகத் திட்டு வாங்கியே சம்பளம் வாங்குகிறவள் நான். தண்ணீர் வராமல் தவிக்கிறவர் கத்துவது ஒரு கத்தல். எதிரில் இருக்கிறவள் திருப்பிப் பேச மாட்டாள் என்று தெரிந்துகொண்டு கத்துவது வேறு கத்தல். எனக்கு இரண்டும் ‘ஹலோ’விலேயே தெரிந்துவிடும். நடுவர் உனக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது எவ்வளவு மரியாதையாகத் தலையாட்டினாய், எதிராளியிடம் எவ்வளவு பணிவாகச் சிரித்துக் கைகொடுத்தாய். அவர்களிடம் கத்தினால் உனக்கு நஷ்டம், அக்காவிடம் கத்தினால் ஒன்றும் போகாது, சுற்றி இருக்கிற யாருக்கும் புரியவும் புரியாது. கோபத்தில் கண்மண் தெரியவில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதே, உனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலையை விட்டுவிட்டு உன் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வருகிறாள் அவள். போன வாரம் போனில், அக்காவுக்கு ரெஸ்ட் வேணும்னு நானே வீட்டுக்கு அனுப்பி வச்சேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னாய் பார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளும் அதையேதான் சொல்கிறாள், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. நான் இதை எழுதுவதுகூட அவளுக்குப் பிடிக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. தோளுக்கு ஐஸ் வைக்காமல் படுக்காதே. நீ ஜெயிக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், இவ்வளவு கோபத்திலும் அதை மட்டும் நிறுத்த முடியவில்லை. நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. அப்பாவின் ஆசீர்வாதமும் உண்டு.

ஒன்று சொல்ல வேண்டும். அக்கா முன்னறையில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாள், சத்தத்தை அணைத்துவிட்டு. மூன்றாவது செட்டில் உன் சர்வீஸ் ஏன் சொதப்பியது என்று இன்று மத்தியானம் கண்டுபிடித்துவிட்டாள். சின்ன விஷயம்தான், நிறுத்தி நிறுத்திக் காட்டினாள், எனக்கே புரிந்தது. அடுத்த போட்டிக்கு முன்னால் நீ சரிபண்ணிக்கொள்ளலாமாம். கடிதத்துல எழுதிடும்மா, நான் சொன்னேன்னு சொன்னா எரிச்சல்படுவான், நீயே கவனிச்ச மாதிரி எழுது என்றாள். நான் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். வேண்டுமானால் அவளைக் கூப்பிட்டு நீயே கேள். கேட்பதற்கு முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்பது உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
அம்மா