புல்லில் விழுந்த பள்ளங்கள்

மே 4

புல் இன்னும் பச்சைதான். வெயில் ஏறுவதற்குள் எழுந்து, வேர் வரைக்கும் நனையும்படி தண்ணீர் விட்டேன். வெட்டவே கூடாதாம், உயரமாய் நின்றால்தான் மண்ணுக்கு நிழலாம். ஜன்னலோர நாற்காலியிலிருந்து இவருடைய உத்தரவு. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபிறகு இவருக்கு வாயும் புல்லும்தான் மிச்சம்.

வாக்கர் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. போன மாதம் அதைப் பிடித்து நடந்தபோது தடுமாறினார். நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அன்றோடு சரி. "இனிமே என்னை நடக்கச் சொல்லாதே" என்று சொல்லிவிட்டார். நடக்காவிட்டால் கால் வலுவிழந்து போய்விடும், அப்புறம் நாற்காலியே கதி என்கிறார் டாக்டர்.

இந்தப் புல்லும் காய்ந்தால் இவர் ஜன்னல் பக்கம்கூடத் திரும்பமாட்டார். அதுதான் என் பயம்.

மே 7

பக்கத்து வீட்டு மேனேஜர் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "இந்த வெயில்ல புல்லு எதுக்கும்மா? பிடுங்கிப் போட்டுட்டு என்னை மாதிரி கல்லு பதிச்சிடுங்க" என்றார். சிரிப்பு வேறு. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அந்தத் தோரணை போகவில்லை. அவருடைய புல் போன கோடையிலேயே கருகிவிட்டது. வயிற்றெரிச்சல், வேறென்ன?

மே 8

மார்க்கெட்டிலிருந்து திரும்பினால் புல்லில் வட்ட வட்டமாகப் பள்ளம். காலையில் இல்லை. எலியா? எலி தோண்டினால் மண் வெளியே கிடக்கும். இது யாரோ மேலிருந்து குத்தின மாதிரி... குத்தி, உள்ளே எதையாவது ஊற்றினார்களோ? குனிந்து முகர்ந்து பார்த்தேன். மண் வாசனைதான்.

இவரைக் கேட்டேன். "நான் தூங்கிட்டேன்" என்றார். ஜன்னலை விட்டு நகராத மனிதர், காலைச் சாப்பாடு முடிந்த கையோடு தூங்கிவிட்டாராம்.

மே 11

இன்றும் பள்ளம். நான் பையை எடுத்தால் போதும், மேனேஜர் மதிலோரம் ஆஜர். "மார்க்கெட்டுக்கா? நிதானமா போயிட்டு வாங்க." என் நிதானத்தில் இந்த மேனேஜருக்கு என்ன அக்கறை? தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்ந்து காலமெல்லாம் பார்சல் வாங்கியவள் நான். கொண்டுவருகிறவர் முகத்தைப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவேன். இந்த முகத்தில் ஏதோ இருக்கிறது.

மே 12

கருகும் என்று பார்த்தால் கருகவில்லை. பள்ளத்தைச் சுற்றி இன்னும் செழிப்பாக இருக்கிறது. மெதுவாகக் கொல்லும் மருந்தாக இருக்கும்.

மே 14

ரோஜாத் தொட்டிகளுக்கு மேல் கட்டிய நிழல் வலை காற்றில் அவிழ்ந்து தொங்கியது. வந்து கட்டலாம் என்று மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். வந்து பார்த்தால் கட்டியாகிவிட்டது! இழுத்து, இரட்டை முடிச்சு. புல்லைக் கொல்ல வருகிறவன் ரோஜாவுக்கு நிழல் கட்டுவானா?

"காத்துல தானா மாட்டியிருக்கும்" என்கிறார் இவர். காற்று முடிச்சுப் போடுமா? அப்படியானால் இவரும் கூட்டு. புல்லைப் பிடுங்கிக் கல் பதிக்க இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்களா? இவரே சரி என்று சொல்லிவிட்டாரென்றால், எல்லாத்தையும் விட்டுட்டார்னுதானே அர்த்தம்?

மே 15

பெருக்கும்போது வாக்கரை வெளியே இழுத்தேன். நாலு கால் ரப்பரிலும் ஈர மண். ஒன்றில் புல் ஒட்டியிருந்தது. வெளியே போய்ப் பள்ளங்களைப் பார்த்தேன். எல்லாம் நாலு நாலாக இருக்கின்றன. இத்தனை நாள் என் கண் எங்கே போயிருந்தது?

வாக்கரை மண்ணோடு அப்படியே கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

மே 16

மார்க்கெட்டுக்குக் கிளம்பி, தெருமுனையிலிருந்து திரும்பி வந்து, கேட் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

நிற்கிறார். புல்லில், வெறுங்காலோடு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு. ஒரு எட்டு. இன்னொரு எட்டு. விழுந்தால் பிடிக்க மேனேஜர் இரண்டு கையையும் விரித்தபடி கூடவே நகர்கிறார்.

"தைரியமா வைங்க சார். புல்லுதானே, விழுந்தாலும் அடிபடாது. என் வீட்டுக் கல்லுல இதெல்லாம் நடக்குமா? அம்மாகிட்ட சொல்லிடலாமே?"

"வேணாம் மேனேஜர். அவ முன்னாடி நடந்தா, அவ மூஞ்சில இருக்கற பயத்தைப் பார்த்தே விழுந்துடுவேன்."

மறுபடி தடுமாறினார். கூச்சல் தொண்டை வரை வந்துவிட்டது. பையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். சமாளித்து நின்றுவிட்டார். மார்க்கெட் வரைக்கும் அழுதுகொண்டே போனேன். அப்போ இவரை உட்கார வெச்சது நானா?

மே 19

தண்ணீரைக் கொஞ்சம் முன்னதாகவே விட்டேன், அளவாக. சேறானால் வழுக்கும். வாசற்படியில் சாக்கு விரித்தேன்.

"எதுக்கு?" என்றார்.

"எனக்கு வழுக்குது" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது. வரட்டும், இனிமேல் அது அவர் பாடு.

வீட்டில் காய்கறி நிறைந்து கிடக்கிறது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மதிலோரம் மேனேஜர் நின்றிருந்தார்.

"இன்னைக்கு நான் வர ரொம்ப நேரமாகும்" என்றேன், ஜன்னலுக்கும் கேட்கும்படி.