பேர் தெரியாத கம்பெனி டிராக்டர்

சேலை முந்தானையில் கிரீஸ் ஒட்டியிருக்குதுங்க. ரெண்டு தடவை சோப்புப் போட்டுத் தேய்ச்சும் போகலை. உங்க சட்டையில் வருஷக்கணக்காகத் தேய்ச்சுப் பழகின அதே வாடை, டீசலும் கிரீஸும் கலந்தது. இந்தத் தடவை அதைப் பூசிக்கிட்டு வந்தது நான். மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய டிராக்டர் விலைக்கு இருக்குதுன்னு கேள்விப்பட்டு, காலையில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துட்டு வந்தேன். நாளைக்கு அந்தப் பேச்சை முடிக்கணும். அதனால்தான் உங்களைக் கூப்பிட்டு உட்கார வச்சிருக்கேன். யோசனை கேட்க இல்லைங்க, முதல்லயே சொல்லிடறேன். திட்டத்தான்.

கம்பெனி பேரைச் சொன்னால் நீங்க சிரிப்பீங்க. "பேரைச் சொன்னா நாலு ஊருக்குத் தெரியணும், அதுதான் வண்டி"ன்னு மார்தட்டின ஆளாச்சே. இந்தப் பேரைச் சொன்னால் காரிமங்கலத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரே, "இன்னொரு வாட்டி சொல்லுங்கக்கா"ங்கறார். சந்தையில் ஒருத்தர், "நாளைக்கு அதை எடைக்குத்தான் போடணும்"னார். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. கையில் இருக்கறது கொஞ்சம். பேர் பெத்த வண்டி எதுவும் அதுக்குள்ள வராது. இது வரும்.

எனக்கு எதுக்கு டிராக்டர்னு கேட்பீங்க. கேளுங்க, சொல்றேன்.

போன ஆடியில் எதிர்பார்த்துக்கிட்டு இருந்த மழை வந்தது. காட்டில் கால் வச்சால் கணுக்கால் வரைக்கும் இறங்குது. நம்ம காடு மானாவாரி, ஈரம் ரெண்டு நாள் நிக்கும், மூணாம் நாள் காத்தும் வெயிலும் உறிஞ்சிடும். உங்க தம்பிக்குப் போன் போட்டேன். "மத்தியானம் வர்றேன் அண்ணி"ன்னான். மறுநாள் கேட்டால், "பெரிய காடு ரெண்டு இருக்குது, முடிச்சிட்டு வர்றேன்." அதுக்கு மறுநாள் போனையே எடுக்கலை. வேற ரெண்டு பேரைக் கேட்டுப் பார்த்தேன். "உங்க கொழுந்தனாரு வண்டி இருக்கும்போது நாங்க வந்தா நல்லா இருக்காதுங்கக்கா"ன்னு நழுவிட்டாங்க. அஞ்சாம் நாள் சாயங்காலம் வந்தான். புழுதி பறக்க உழுதான், மண் கட்டி கட்டியாகப் பேர்ந்தது. போட்ட கடலையில் பாதி முளைக்கவே இல்லை. வாடகையை வாங்கி மடியில் வச்சுக்கிட்டு, "ஈரம் கொஞ்சம் கொறைஞ்சிடுச்சு அண்ணி"ன்னு சொல்லிட்டுப் போனான்.

கொஞ்சமாம்! காட்டைத் தனக்கே குத்தகைக்கு விடச் சொல்லி ஏற்கெனவே ரெண்டு தடவை கேட்டுட்டான். இந்த ஆடியும் இப்படிப் போனால் விடறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை. அவன் லேட்டா வர்றதே அதுக்குத்தான். இது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும்.

அவன் ஓட்டிக்கிட்டு வந்தது நம்ம வண்டிங்க! நம்ம வண்டியை நானே வாடகைக்குக் கூப்பிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். யாரால? உங்க தம்பியால இல்லை. உங்களால.

தக்காளிக்கு நல்ல விலை கிடைச்ச அந்த ஒரு வருஷத்தை நினைச்சுப் பாருங்க. நீங்களும் நானும் சேர்ந்து பறிச்சோம், சேர்ந்து பெட்டி கட்டினோம், என் விரல் நுனியெல்லாம் பச்சைக்கறை. அந்தக் காசில் வாங்கின வண்டி. வாங்கறதுக்கு முன்னாடி ஜோசியர்கிட்டப் போனோம். உங்களுக்கு இரும்பு ஆகாது, வண்டி வாகனம் வேற ஒருத்தர் பேர்ல இருக்கட்டும்னு சொன்னார். எதிரில்தானே நானும் உட்கார்ந்திருந்தேன்? "வூட்டுக்காரம்மா பேர்லயே போடுங்க, அவங்க ஜாதகத்துக்கு வாகன யோகம் இருக்குது"ன்னு அவர் வாயாலயே சொன்னார். நீங்க என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "பொம்பளை பேர்ல டிராக்டரு வாங்குனா ஊரு சிரிக்காதுங்களா?"ன்னு அவர்கிட்டயே கேட்டுச் சிரிச்சீங்க. தம்பி பேர்ல எழுதினீங்க. நானும் தேங்காய் உடைச்சு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சுட்டு நின்னேன், பைத்தியக்காரி.

நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தீங்க, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சு போச்சு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு, பந்தல் கூடப் பிரிக்கலை. உங்க தம்பி ஆணியில் தொங்கின சாவியை எடுத்தான். நான் பார்த்தேன். "ஆர்.சி. புக்குல எம் பேருதானே அண்ணி இருக்குது"ன்னான். அவன் சத்தம்கூடப் போடலை. சத்தம் போட்டிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

ஓட்டத் தெரியாதவளாக இருந்தாலாவது மனசு ஆறும். காட்டில் கல் பொறுக்கும்போது வண்டியை லோ கியரில் ஓட்டினது யார்? நீங்க பின்னாடி கல்லைத் தூக்கி டிரெய்லரில் போட்டுக்கிட்டே வருவீங்க, நான் வரப்பு ஓரம் வரைக்கும் கொண்டுபோய்த் திருப்புவேன். "சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் திருப்பறே"ன்னு சொல்வீங்க. ஆனால் தார் ரோடு வந்ததும், "எறங்கு எறங்கு, ஆளுங்க வர்றாங்க." நான் இறங்கி வண்டிக்குப் பின்னாலயே வீடு வரைக்கும் நடந்து வருவேன். அப்ப எனக்குக் கோபம்கூட வரலை, அதை நினைச்சால்தான் இப்பக் கோபம் வருது.

அந்த வண்டி வாங்கப் போனப்ப மூணு ஆம்பளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போனீங்க. டீ குடிச்சீங்க, டயரை உதைச்சுப் பார்த்தீங்க, ஆளாளுக்கு ஒரு சுத்து ஓட்டினீங்க. நான் பக்கத்தில் போனேன், இஞ்சின் அனலாக் கொதிக்குது. "சூடா இருக்குதே, முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க போல"ன்னு சொன்னேன். "நீ சும்மா இரு." அவ்வளவுதான் உங்க பதில். அப்புறம்? ஆறின வண்டி ஒரு நாளாவது ஒழுங்காக் கிளம்புச்சா? தினமும் ஏரிக்கரை மேட்டில் ஏத்தி நிறுத்தி, காலையில் உருட்டி உருட்டித்தானே ஸ்டார்ட் பண்ணீங்க? ஒரு நாளாவது, "நீ சொன்னது சரிதான்"னு சொன்னீங்களா? பேர் பெத்த கம்பெனி வண்டிதானேங்க அது?

அதனால்தான் இந்தத் தடவை நான் யாரையும் கூட்டிக்கிட்டுப் போகலை. போன வாரம் வத்தல்மலைக்குப் போனேன். அங்கே ஒருத்தர் இதே கம்பெனி வண்டியை ஓட்டறார்னு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்த மனுசன் ஒளிக்காமல் சொன்னார். "ஒம்பது வருசமா மலையில ஓட்டறேம்மா. இஞ்சின் சொன்ன பேச்சு கேக்கும். கலப்பையைத் தூக்கற லிப்ட்டுதான் தகராறு பண்ணும். பில்டரு, பெல்ட்டெல்லாம் வேற கம்பெனி சாமானே பொருந்திக்கும். லிப்ட்டு சாமான் மட்டும் ஓசூர்ல சொல்லி வச்சா வர நாலு நாளாவும். விக்கப் போனீங்கன்னா ஒருத்தனும் வாங்க மாட்டான், அதையும் சொல்லிப்புடறேன்." நான் விக்கறதுக்கு வாங்கலைங்கன்னு சொன்னேன். சிரிச்சார்.

இன்னிக்குத் தோட்டத்துக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "வூட்ல ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?" இல்லைங்கன்னு சொல்லிட்டு நேராப் போய் இஞ்சின் மேல கையை வச்சேன். சூடு. "உங்களுக்கோசரம்தாங்க எடுத்துப் பாத்து வச்சேன்"னார். "ஆறட்டும்ங்க, எனக்கு அவசரம் இல்லை"ன்னு மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்துட்டேன். ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அவர் போறார், வர்றார், வெயிலாயிடும்ங்கறார். நான் அசையலை. அவர் சம்சாரம் மோர் கொண்டுவந்து கொடுத்துட்டு, "நல்லாக் குந்திக்கினு பாருங்கக்கா"ன்னு மெதுவாச் சொல்லிட்டுப் போச்சு.

ஆறினதுக்கு அப்புறம் சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் கிளம்பிடுச்சு. கொஞ்சம் கரும்புகை, உடனே தெளிஞ்சது. சத்தத்தைக் கேட்கறதுக்கு உங்களை மாதிரியே கண்ணை மூடிக்கிட்டேன். அந்தப் பழக்கம் உங்ககிட்ட இருந்து ஒட்டினதுன்னு தெரிஞ்சு எரிச்சலா இருந்தது. கலப்பையைத் தூக்கி நிறுத்தி இஞ்சினை அணைச்சேன். கொஞ்ச நேரத்தில் கலப்பை ஒரு சாண் கீழ இறங்கிடுச்சு. மலைக்காரர் சொன்ன அதே கோளாறு. தோட்டத்துக்காரர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்னார். லிப்ட் இறங்குதுங்கன்னு சொல்லி, அதுக்குத் தகுந்த மாதிரி விலையைக் குறைக்கச் சொன்னேன். முனகினார், குறைச்சார்.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். லிப்ட் கெட்டுப் போச்சுன்னா சாமான் வர நாலு நாள். உங்க தம்பி வர அஞ்சு நாள். எது தேவலாம்னு நீங்களே சொல்லுங்க.

ஓசூர் கம்பெனியில் வேலைக்குப் போற நம்ம பொண்ணுக்குப் போன் போட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "லிப்ட்டு சாமானுக்கு இப்பவே சொல்லி வச்சு வாங்கிடறேன்மா, கெட்டுப்போற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?"னு கேட்டாள். எனக்குத் தோணலை பாருங்க. அப்பவே தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டு, நாளைக்கு வர்றேங்க, என் ஆதார் கார்டை எடுத்துக்கிட்டு வர்றேன், என் பேருக்குத்தான் மாத்தணும்னு சொன்னேன். "சரிங்க"ன்னார். அவ்வளவுதாங்க. பூமி பிளக்கலை, யாரும் சிரிக்கலை. ஒரு "சரிங்க"ல முடியற விஷயம் அது.

பொண்ணு மறுபடியும் கூப்பிட்டாள். "அம்மா, பானட்டுல அப்பா பேரு எழுதிடலாமா?" வேண்டாம்னு பட்டுனு சொல்லிட்டேன்.

"இன்னும் அப்பா மேல கோவமாம்மா?"

ஆமாம்னு சொன்னேன்.

ஆமாங்க. அழுகையெல்லாம் மூணு வருஷத்தில் அழுது தீர்த்துட்டேன். உங்க முகம்கூடச் சில நாள் போட்டோவைப் பார்த்தால்தான் சரியா ஞாபகம் வருது. கோபம் மட்டும்தான் அப்படியே இருக்குது, சாப்பிடும்போது, காட்டில் நிக்கும்போது, அது வந்தால்தான் நீங்க எதிரில் வந்து நிக்கறீங்க. அதுவும் தீர்ந்துட்டால், உங்ககிட்டப் பேச எனக்கு என்னங்க இருக்குது?