அம்மா தள்ளிவிட்டது உண்மைதான்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். முதலில் இதைப் படித்து மூச்சு விட்டுக்கொள், பிறகு மற்றதைப் படி: நான், அம்மா, மாமா மூன்று பேரும் உயிரோடும் தெம்போடும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ அந்தப் பக்கம் அழ ஆரம்பித்தால் நான் இந்தப் பக்கம் சேர்ந்துகொள்வேன், பக்கத்து அறையில் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள், அதனால் எழுதிவிடுவது நல்லது என்று உட்கார்ந்துவிட்டேன். மாமாவின் மனைவி, உன் அத்தை, உனக்குப் போன் செய்து உங்க அம்மா குடித்துவிட்டுக் கூடப் பிறந்த தம்பியையே ஏரியில் தள்ளிவிட்டாள் என்று சொன்னதாக நேற்றுத்தான் என் காதுக்கு வந்தது. நீயும் அதற்குப் பிறகு இரண்டு முறை போன் செய்து, என்ன கேட்பதென்று தெரியாமல் வெயிலைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டாய். அத்தை சொன்னதில் பாதி தவறு. அம்மா அன்று ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. தள்ளிவிட்டது உண்மைதான். அதை அத்தையும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியபோது டாக்டர் நடக்கச் சொன்னதும், நடப்பது போரடிக்கிறது என்று அவள் ஏரியில் நீந்தப் போனதும் உனக்குத் தெரிந்த கதை. இப்போது ஏரிக் கூட்டம் என்றே எங்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். லிஃப்ட் மெக்கானிக், தையல்காரம்மா, இன்னும் சிலர், சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் தண்ணீரில், முட்டி போன நான் மட்டும் மடக்கு நாற்காலியில். சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது என்பதால் கரையேறுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கிளாஸ் கலந்து கொடுக்க ஆரம்பித்தேன். ஜின், எலுமிச்சை, சோடா, நாலு புதினா இலை, அவ்வளவுதான். புதினாவை நசுக்கினால் கசக்கும், உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போட்டால் வாசனை மட்டும் இறங்கும். ஆயுசு முழுக்க மருந்துக் கடையில் அளந்த கை இது, ஒருத்தருக்குக் கூட ஒருத்தருக்குக் குறைய என்று போகாது. சில வாரம் நல்ல வெள்ளை ஒயின் கிடைத்தால் ஈரத் துண்டு சுற்றிக் காற்று வரும் கிளையில் கட்டித் தொங்கவிடுவேன். நீந்திக் களைத்த உடம்போடு எல்லாரும் அந்த ஒரு கிளாஸை உருட்டி உருட்டிக் குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசும் நேரம் இருக்கிறதே, அதற்காகவே நான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன். எல்லாரும் கரையேறும்வரை எந்த மூடியும் திறக்கக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம், இதுவரை யாரும் அதை மீறியதில்லை.

மாமா அன்று முதல்முறையாக வந்தான், அத்தையையும் கூட்டிக்கொண்டு. அக்கா ஏரி நடுவே கட்டியிருக்கும் மஞ்சள் மிதவைவரை போய்த் திரும்புகிறாள் என்று கேள்விப்பட்டு அவனுக்கு ஒரே பெருமை, உயர்ந்த ரகச் சிவப்பு ஒயின் ஒன்று வாங்கி வந்திருந்தான். அம்மா தண்ணீரில் இறங்கிய பிறகு அதைத் திறந்துவிட்டான். உங்கள் சட்டம் உங்கள் ஜின்னுக்கு, இது என் பாட்டில் அத்தான் என்று சிரித்தான். இரண்டு கிளாஸ் உள்ளே போயிற்று. குடித்தாயிற்று, இனி என் பக்கத்திலேயே கிட என்றேன், சரி சரி என்று உட்கார்ந்தான். நான் குனிந்து எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தேன், அத்தை ஏதோ சத்தம் கொடுத்தாள், நிமிர்ந்தால் சட்டை நாற்காலியில் கிடக்கிறது, ஆள் மார்பளவு தண்ணீரைத் தாண்டிவிட்டான். அக்காவோடு சேர்ந்து திரும்பி வரப் போகிறானாம்.

சின்ன வயதில் நன்றாக நீந்தியவன்தான். ஆனால் டயர் கடையில் உட்கார்ந்தே வயிறு வளர்த்த உடம்பு, அதில் ஒயின் வேறு. பாதி தூரம் வேகமாகப் போனான். பிறகு கை தண்ணீரை வெட்டாமல் அடிக்க ஆரம்பித்தது. நீந்துகிறவன் கைக்கும் தத்தளிக்கிறவன் கைக்கும் வித்தியாசம் எனக்குக் கரையிலிருந்தே பழகிவிட்டது. நான் ஐஸ் பெட்டி மூடியைக் கழற்றிக் கல்லில் அடித்துக் கத்தினேன். மற்றவர்கள் மறு ஓரத்தில் இருந்தார்கள். அருகில் இருந்தது அம்மா ஒருத்திதான், அவளும் முழுத் தூரம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள். இடுப்பில் கட்டி இழுத்துப் போகும் அந்த ஆரஞ்சு மிதவைப் பை பின்னால் ஆட, அவள் அவன் பக்கம் திரும்பினாள். கிட்டப் போனதும் அவன் எட்டி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். இரண்டு தலையும் உள்ளே போயிற்று. ஆரஞ்சுப் பை மட்டும் மேலே ஆடிக்கொண்டிருந்தது. நான் தண்ணீருக்குள் எப்போது நடந்தேன் என்று எனக்குத் தெரியாது, செருப்போடு தொடை நனைய நின்றிருக்கிறேன். ஒரு தலை மேலே வந்தது. அம்மா தலை. பின்னாலேயே அவன் வந்து மறுபடியும் அவளைப் பிடித்தான், அப்போதுதான் அவள் அவன் கையைப் பிரித்து, காலால் அவனை உதைத்துத் தள்ளிவிட்டு, அவனை விட்டு விலகிப் போனாள். அத்தை பார்த்தது இதைத்தான். அய்யோ விட்டுட்டுப் போறா என்று அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நானும், உன்னிடம் மறைப்பானேன், ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் விலகியது கை எட்டாத தூரத்துக்கு. அங்கிருந்து பையை அவன் மார்புக்கு நேராகத் தள்ளினாள். அவன் அதை அணைத்துக்கொண்டான். வாரைப் பிடித்து அவள் இழுக்க, லிஃப்ட் மெக்கானிக் வந்து சேர்ந்துகொள்ள, கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வாந்தியில் சிவப்பாக வந்ததைப் பார்த்து ரத்தம் என்று தையல்காரம்மா பதறினாள், அது ஒயின். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து மறுநாள் அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் கஷ்டம். அம்மா ஏரிப் பக்கம் போகவில்லை. குளிக்கும்போது முகத்தில் தண்ணீர் படாமல் தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றிக்கொண்டாள். மாமா ஒரு போன்கூடச் செய்யவில்லை. அவன் கோபமாக இருக்கிறான் என்று இவள் முடிவு கட்டிவிட்டாள். உன் அண்ணன் வந்து, இந்த வயதில் ஏரியும் வேண்டாம் கிளாஸும் வேண்டாம், இரண்டு பேரும் பேசாமல் வீட்டில் இருங்கள் என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போனான். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்குப் பயமாகிவிட்டது, உன் அம்மா எப்போது எதிர்த்துப் பேசாமல் இருந்திருக்கிறாள். அவன் போனதும் துணி மடித்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னாள், "அவன் விரலை ஒவ்வொண்ணா பிரிச்சேன். தெரிஞ்சுதான் பிரிச்சேன். அவன் முழிச்சு என்னையே பாத்துக்கிட்டிருந்தான்." நீ செய்தது சரி என்று நான் சொன்னால் அது புருஷன் சொல்வது.

அதனால் நானே டயர் கடைக்குப் போனேன். கல்லாவில் அத்தை நிமிரவே இல்லை. அவன் உள்ளே சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்ததும் கையில் இருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அக்கா முன்னால் நிற்பது அத்தான் என்றான். கோபமெல்லாம் ஒன்றுமில்லை, வெட்கம். இருக்கிற மூஞ்சியோடு சனிக்கிழமை வா என்று சொல்லிவிட்டு வந்தேன். அம்மாவிடமும் மறைக்கவில்லை, அவன் வருகிறான் என்று சொல்லித்தான் கூட்டிப் போனேன்.

போன சனிக்கிழமை எல்லாரும் கரையில் கூடினோம். அத்தை வந்திருந்தாள், தள்ளி நின்றாள். மாமா நேராக அம்மா முன்னால் வந்து நின்று, "நீ தள்ளலன்னா ரெண்டு பேருமே உள்ளதான் கிடந்திருப்போம்க்கா. நான் விடவே கூடாதுன்னு பிடிச்சேன். நீதான் விட வச்ச" என்றான். பிறகு அத்தை பக்கம் திரும்பி அதையே இன்னொரு தரம் சொன்னான். அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். இன்று குடித்தாயா என்று கேட்டாள். இல்லை என்றான். அப்படியானால் இறங்கு என்றாள்.

அத்தை ஓடி வந்து அவன் கையைப் பிடித்தாள். அம்மா பையை இந்த முறை அவன் இடுப்பில் கட்டிவிட்டு, ஆழத்துக்குப் போகமாட்டோம், கரையை ஒட்டித்தான் என்று அத்தையிடம் மெதுவாகச் சொன்னாள். சொன்னாளே தவிர அவளும் உடனே இறங்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே இருந்தாள், போய்விடுவாளோ திரும்பிவிடுவாளோ என்று நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி தலையை உள்ளே முக்கி எடுத்தாள். பிறகு இரண்டு பேரும் போனார்கள். கரையோரத்தில் சாய்ந்து நிற்கும் மரம்வரை போய்த் திரும்பினார்கள், அது ஒன்றும் பெரிய தூரமில்லை, ஆனால் அத்தை என் நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் நாற்காலி முழுக்க நடுங்கிற்று, அவளா நானா என்று தெரியவில்லை.

அவர்கள் கரையேறினார்கள். நான் கலந்தேன், அளவு தப்பிவிட்டது, பாதி ஜின் மண்ணுக்குப் போயிற்று. கிளாஸை நீட்டுமுன் அத்தை அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கொண்டுபோய், "ஐஸ் கரையறதுக்குள்ள குடிங்க அண்ணி" என்றாள். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஆகையால் அத்தை போன் செய்தால் அவளிடம் சண்டைக்குப் போகாதே, பயத்தில் பேசியவள். அம்மாவிடமும் நீயாக எதையும் கேட்காதே, அவளாகச் சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேள். வேலை முடிந்து இருட்டில் ஓடப் போகிறாயாமே, மாப்பிள்ளை சொன்னார், பளிச்சென்ற சட்டை போட்டுக்கொள், காதில் பாட்டு வேண்டாம், வண்டிச் சத்தம் கேட்க வேண்டும். வெறும் வயிற்றில் ஒயின் குடிக்காதே. பேத்தியை இந்த வருடமே நீச்சலில் சேர்த்துவிடு, தள்ளிப் போடாதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்று நாங்கள் நினைக்காத நாள் கிடையாது.

என்றும் உன் நினைவில்,
அப்பா