புதுப் பசையின் குறையை நீயே சொல்லிவிடு

அன்பு மகள் டெபோராவுக்குத் திருத்தணியிலிருந்து அம்மா மார்த்தாள் எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் தம்பி நேசகுமாரும் மருமகளும் குழந்தையும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கே ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குஜராத்து மழையில் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபத்தில் வைக்கிறேன். நைனாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, எண்ணெய் தேய்த்தால் குறைகிறது, குறைந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மீன் வாங்கக் கிளம்பிவிடுகிறார், மறுபடியும் வலிக்கிறது. ஆர்.கே.பேட்டை சித்தி வீட்டில் காது குத்து வைத்தார்கள், நமக்குச் சொல்லவில்லை, அதை நான் மனதில் போட்டு வைத்திருக்கிறேன், நீயும் அவளுக்குப் போன் போட வேண்டாம்.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீட்டிங் இருக்குதும்மா அப்புறம் கூப்பிடுறேன் என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன், மருமகள் இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். தம்பிக்குத் தெரியாது, தெரிந்தால் கோபிப்பான். விஷயம் உன் பசையைப் பற்றியது. தம்பியின் கவர் கம்பெனி முதலாளி கங்காதரன் தாள் ஒட்டப் பழைய பசைக்கே திரும்பப் போகிறாராம், வருகிற வெள்ளிக்கிழமை ஆர்டர் சொல்லிவிடுவாராம். பழைய பசை வந்தால் பழைய நெடி வரும், அந்த நெடியில் உன் தம்பி மறுபடியும் நிற்க வேண்டும். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து சோறு வேண்டாம் என்று துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுப்பானே, நீ லீவுக்கு வந்தபோது பார்த்துவிட்டு அழுதாயே, அதைத்தான் சொல்கிறேன். நீதான் அப்போது உன் கம்பெனியிலேயே சால்வென்ட் கலக்காத பசை செய்கிறார்கள், நெடியே கிடையாது என்று சொல்லி, கங்காதரனிடம் நேரில் போய்ப் பேசி மாற்ற வைத்தாய். நான் ஆலயத்தில் காணிக்கை கூடப் போட்டேன்.

இப்போது நடந்தது என்னவென்றால், ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் ஓட்டிய ரோல்களில் செய்த முறுக்கு கவர் எல்லாம் ரெண்டு தாளாகப் பிரிகிறது என்று முறுக்குக் கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிவிட்டான். மேலே இருக்கிற படம் போட்ட தாள் தனி, உள்ளே இருக்கிற வெள்ளித் தாள் தனி. கங்காதரன் எல்லோருக்கும் முன்னால் தம்பியைக் கூப்பிட்டு, உங்க அக்கா வாயாலயே வட சுட்டுட்டு போய்ட்டாங்க, இங்க பாரு வாழைப்பழத் தோலாட்டம் உரிஞ்சிகினு வருது என்றாராம். அந்த மனிதர் உன் கல்யாணத்துக்கு வந்து, பந்தி ரெடியாக இருந்தும் இலையில் உட்காராமல், சர்க்கரை வியாதி என்று சொல்லிவிட்டுப் போனவர். அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டு கடையில் அவர் ஜாங்கிரி தின்றதை உன் நைனா பார்த்தார். நான் எதையும் மறப்பவள் இல்லை.

ஆனால் எனக்கு இன்னொன்றும் தோன்றியது. பொங்கலிலிருந்து நன்றாக ஒட்டிய பசை இந்த ஒரு லோடில் மட்டும் ஏன் ஒட்டவில்லை? தம்பியை விடாமல் கேட்டேன். உனக்கு இதெல்லாம் எதுக்கும்மா என்றான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவனை எழுந்திருக்க விடாமல் கேட்டதும் சொன்னான். பழைய பசையில் நெடி உண்டே தவிர மெஷினை விட்டு வெளியே வரும்போதே தாளைப் பிடித்துக்கொள்ளுமாம். புதுப் பசை அப்படி இல்லையாம், வரும்போது தாள் மேலே தாள் சும்மா படுத்திருக்குமாம், கையால் இழுத்தால் வழுக்குமாம். ரெண்டு டின்னில் ரெண்டு தினுசு வரும், அதைச் சொன்ன அளவில் கலக்க வேண்டும், அளவு கொஞ்சம் தப்பினாலும் எத்தனை நாளானாலும் பிசுபிசு என்றே இருக்குமாம். கலந்தபின் ஓட்டியே ஆக வேண்டும், நடுவில் கரண்டு போனால் உருளையில் இறுகிக்கொள்ளும், அதைச் சுரண்டுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடுகிறது என்றான். ஓட்டி முடித்த ரோலைச் சூட்டறையில் ரெண்டு நாளாவது அசைக்காமல் படுக்க வைக்க வேண்டுமாம், அங்கேதான் அது பிடிக்குமாம். பிடிக்காமல் போனால் பசை தின்பண்டத்தில் இறங்கும், அந்தக் கவரில் யாரும் எதையும் போடக் கூடாது என்று சொல்லி மீதி ரோலைத் தம்பியே தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறான். அது உண்மையா டெபோரா, அப்படி இறங்குமா? சூடு இருந்தால்தான் பசை பிடிக்கும் என்றது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இட்லி மாவு மார்கழியில் பொங்காமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு பசைக்கும் குளிருமா என்று கேட்டேன், ஆங், அப்பிடித்தாம்மா என்று சிரித்தான், பல நாளைக்கப்புறம் சிரித்தான். இத்தனை குறை இருக்கிறதே, இதில் ஒன்றையாவது நீ எனக்குச் சொன்னாயா? நெடி இல்லை நெடி இல்லை என்று மட்டும்தானே சொன்னாய். அதுவும் என் மனதில்தான் இருக்கிறது.

சரி, சூட்டறையில் வைத்தாயா என்று தம்பியைக் கேட்டேன். வைத்துப் பூட்டிச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டுத்தான் கிருத்திகை லீவுக்கு வந்தேன், திரும்பிப் போனபோதும் ரோல் அங்கேயேதான் இருந்தது, சூடும் இருந்தது என்றான். அதற்கு மேல் அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ரெண்டு நாள் கழித்து அந்தக் கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற பாஞ்சாலி ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். வருஷா வருஷம் கிருத்திகைக்குக் காவடிக்காரர்கள் படுக்க கங்காதரன் ஷெட்டைத் திறந்துவிடுவாரே, உனக்குத் தெரியும். இந்த வருஷம் எப்படி என்று பேச்சுக்குக் கேட்டேன். செம கூட்டம்க்கா, மழை வேற தூறிகினே இருந்துச்சு, சித்தூர் பக்கத்துலருந்து கைக்கொழந்தக்காரிங்க வந்துட்டாங்க, மொதலாளி இந்த வாட்டி பொம்பளைங்களுக்கு டைல்ஸ் போட்ட ரூமையே குட்த்துட்டாரு என்றாள். எந்த ரூம் என்றேன். அதான்க்கா, அனலாட்டம் வச்சிருப்பாங்களே அந்த ரூம், ஹீட்டர அமத்திட்டு, உள்ள இருந்த ரோலயெல்லாம் ஆம்பளைங்க உருட்டிகினு போய் ஷெட்டுல நிக்க வச்சாங்க, விடிஞ்சதும் மறுபடி உள்ள வச்சிட்டோம், ஒரு கீறல் இல்ல என்றாள். நான் யார் யார் தூக்கினது, எங்கே நிற்க வைத்தது, சாரல் அடித்ததா என்று கேட்டுக்கொண்டே போக, இன்னாக்கா, கம்பெனிய வெலைக்கு வாங்கப் போறியா என்றாள்.

தம்பியிடம் சொன்னேன். கையில் இருந்த தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டான். அதாம்மா, பிடிக்கறதுக்கு முன்னாடி தூக்கி நிறுத்திட்டா உள்ளுக்குள்ளயே நகந்துடும், ஈரம் வேற என்றான். அப்படியானால் முதலாளியிடம் சொல் என்றேன். முடியாது என்கிறான். கோயிலுக்கு வந்தவங்களுக்கு எடம் குட்த்ததாலதான் ரோல் போச்சின்னு நான் போய்ச் சொன்னா, சர்ச்சுக்குப் போறவன் பேசுற பேச்ச பாருன்னு சொல்ல மாட்டாங்களா, பழைய பசையே வரட்டும், தலவலி எனக்குப் பழகினதுதானே என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் போகிறேன் என்று புடவை மாற்றிக்கொண்டு கம்பெனி வாசல் வரைக்கும் போனேன். கங்காதரன் மேல் எனக்கு எத்தனை ஆத்திரம் என்று உனக்குத் தெரியும், அவரைக் கேட்பதற்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஆனால் மழையில் கைக்குழந்தையோடு நின்றவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டதை எந்த வாயால் குற்றம் என்று சொல்வது? அவர் செய்ததிலேயே உருப்படியானது அது ஒன்றுதான். வாட்ச்மேன் இன்னா வேணும் என்றான், தம்பிக்கு மோர் கொண்டுவந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன், கையில் மோர் இல்லை.

அதனால் இது நீ செய்ய வேண்டிய வேலை. வெள்ளிக்கிழமைக்குள் கங்காதரனுக்கு நீயே போன் போடு. எங்கள் பசை நல்லது என்று ஆரம்பிக்காதே, அதை ஏற்கனவே கேட்டுவிட்டார். அதன் குறையை எல்லாம் நீயே முதலில் சொல்லு. உடனே பிடிக்காது, அளவு தப்பினால் காயாது, ஈரம் ஆகாது, சூட்டறையை அணைத்தால் போச்சு, பிடிக்கும் முன்னே ரோலைத் தூக்கி நிறுத்தினால் போச்சு, இதையெல்லாம் அன்றைக்கே சொல்லாமல் விட்டது என் தப்பு என்று சொல். யார் பேரையும் எடுக்காதே, கிருத்திகை என்ற வார்த்தையே வரக் கூடாது. அந்த மனிதர் கெட்டிக்காரர், சூட்டறை என்று கேட்டதுமே அவருக்கு விளங்கிவிடும். விளங்கினது நமக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கட்டும். அடுத்த வருஷம் குழந்தைக்காரிகளைப் படுக்க வைக்க வேறு நல்ல இடமும் அவரே பார்த்துக்கொள்வார்.

மீட்டிங் என்று தள்ளிப் போடாதே டெபோரா. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து தம்பி குழந்தையைத் தூக்கி மடியில் வைத்தான். தூக்கினவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, இன்னாம்மா இது, இவ தலையில இன்னா இப்பிடி நாறுது என்று கத்தினான். விளக்கெண்ணெய்தான். குழந்தை பிறந்த மாதத்திலிருந்து வாரா வாரம் அதைத்தான் தேய்க்கிறேன், இத்தனை நாளும் அவன் மடியில்தான் அது தூங்குகிறது. பழைய நெடியில் மரத்துப் போயிருந்த அவன் மூக்குக்கு இப்போதுதான் தெரிகிறது. நானும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவன் மறுபடியும் குனிந்து குழந்தையின் உச்சியை மோந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுசோடு, ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு வாழ ஆண்டவர் துணை நிற்பாராக. ராத்திரியில் தயிர் சேர்க்காதே. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பேசிவிடு.

உன் நன்மையையே கேட்கிற
அம்மா மார்த்தாள்