ஒரு டம்ளர் பம்புத் தண்ணீர்

மந்தைவெளி,
12.8.1971

அன்புள்ள அப்பாவுக்கு,

பள்ளிப் பேச்சுப் போட்டியில் கோப்பை எனக்குத்தான். நாளை அம்மா கஞ்சியோடு அதையும் அடையாறு ஆஸ்பத்திரிக்கு எடுத்து வருவாள்.

குடிதண்ணீர் பற்றிய என் பேச்சு முழுவதையும் மர்சலின் டீச்சர் அடுக்குமொழியில் எழுதிப் பழக்கியிருந்தார். நாலு வரி சொல்வதற்குள் தலைமை தாங்கிய கவுன்சிலர் கொட்டாவி விட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம் தெருப் பம்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன். அதை டம்ளரில் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். “ஐயா, நாங்கள் தினமும் குடிப்பது இதுதான். ஒரு வாய் குடியுங்கள்” என்றேன்.

அப்புறம் நான் பேசவே இல்லை.

அவர் முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பின்வரிசையிலிருந்து எதிர்வீட்டுக் கன்னியம்மா, “இன்னா சார், நாறுதா? எங்க புள்ளைங்க அதத்தான் குடிச்சிக்கினு கீதுங்க” என்றாள். மணி அடிக்கும் வரை அவர் தலை நிமிரவில்லை.

இன்று காலையிலிருந்து புதுக் குழாய்க்குத் தெருவில் பள்ளம் தோண்டுகிறார்கள்.

தொண்டை ஆபரேஷன் பற்றி அம்மா சொன்னாள். உங்களுக்கு ஒரு சிலேட்டு வாங்கியிருக்கிறேன். ஊரெல்லாம் மைக் பிடித்த உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், அப்பா. நான் வாயை மூடிய பிறகுதான் ஜெயித்தேன்.

உங்கள் மேடையில் ஏறிவிட்ட
மகள்