ஸ்கூடாய் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

குளுவாங்கிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், டப்ளினில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருக்கவேண்டும். தினமும் போனில் முகம் பார்க்கிற காலத்தில் இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். முகம் பார்த்துச் சொல்ல முடியாத விஷயம், அதனால்தான். போன ஞாயிறு நீ கூப்பிட்டபோது லைன் சரியில்லை என்று அம்மாவிடம் போனைக் கொடுத்தேனே, லைன் நன்றாகத்தான் இருந்தது. உன் ஸ்கூடாய் வீட்டு விஷயத்தில் நான் ஒரு கேவலமான காரியம் செய்துவிட்டேன்.

முதலில் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், அதை எழுதுவது சுலபம். சிங்கப்பூருக்கு ரயில் வரப்போகிறது என்று ஜொகூர்பாரு பக்கம் வீட்டு விலையெல்லாம் ஏறிக்கொண்டு போகிறது, வாடகையும் கூடவே ஏறுகிறது. உன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த சுகுமாறன் நல்ல விலை வருகிறதே என்று விற்றுவிட்டு, இப்போது அதே தாமான் குடியிருப்பில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் மச்சான் வீட்டு மாடியில் இருக்கிறான். யார் ஆசை காட்டினாலும் நீ விற்காதே அம்மா. வாடகைக்கு விட்டால் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டாமல் சாவியைக் கொடுக்கக்கூடாது. பின்னால் சமையலறைக் கூரையில் ஒழுகிய இடத்தை ஆள் வைத்து அடைத்துவிட்டேன், மாடிப் படிக்குக் கீழே கரையான் மருந்தும் அடித்தாயிற்று. வீட்டைப் பூட்டியே வைத்தால் இந்த ஊர் ஈரத்துக்கு இரண்டே மழையில் சுவர் கறுத்துப் போகும், ஆள் புழங்கினால்தான் வீடு. அதற்குத்தான் ஏஜென்ட் விஜயனைப் பிடித்தேன். அவனும் நம் பையன்தான், இங்கே பக்கத்து ஊர் பாலோவில் பிறந்து வளர்ந்தவன், பேச்சில் தேன் ஒழுகும்.

அவன் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலில் நின்றான். வாசல் தோரணத்தைக் காட்டி, இதெல்லாம் இருந்தால் நம்ம ஆளுங்க வீடு என்று தெரிந்துவிடும், நல்ல வாடகை கொடுக்கிற சீன இன்ஜினியர்கள் உள்ளேயே வரமாட்டார்கள் என்றான். கழற்றினேன். முருகன் படத்தைச் சொன்னான், அதையும் இறக்கிக் காரில் வைத்தேன். பிறகு நிலைப்படி. நீ பால் காய்ச்சிய அன்று அம்மா பூசிய மஞ்சளும் குங்குமமும், அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அவள் வந்து பூசிப் பூசி மரத்துக்குள்ளேயே ஊறிப்போனது. பிரஷ் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. பிரவுன் பெயின்ட் வாங்கி அடிச்சிடுங்க அங்கிள் என்றான். அதுவும் சரி என்றேன். கடைசியாகப் போனில் விளம்பரத்தைக் காட்டினான், படங்களுக்குக் கீழே இந்தியர்கள் வேண்டாம் என்று ஒரு வரி. நான் அதைப் படித்தேன் தேன்மொழி. தெரியாமல் நடந்தது என்று உன்னிடம் சொல்ல எனக்கு வழியே இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டுத் தலையாட்டினேன்.

நீ கோலாலம்பூரில் படிக்கப் போனபோது அறை தேடினாயே. போனில் பேர் சொன்னதும் அறை போய்விட்டது, அறை போய்விட்டது என்று ஒவ்வொருத்தராகச் சொல்ல, நீ அழுதாய். நான் போனைப் பிடுங்கி ஒருத்தனை மலாயில் கிழி கிழி என்று கிழித்தேன். அந்தக் கதையை எத்தனை கல்யாண வீட்டில் மார்தட்டிச் சொல்லியிருப்பேன். அந்த வாயாலேயே இதற்கும் சரி என்றிருக்கிறேன், என்னை என்ன செய்தால் தகும்.

மறுநாள் கைலியும் பழைய பனியனுமாக உட்கார்ந்து நிலைப்படிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் ஒரு பெண் வந்து கேட்டில் நின்றாள். சாந்தினி என்று பேர், கிளினிக்கில் தாதி வேலை, புருஷன் தினமும் விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் போய் வருகிறானாம், கைக்குழந்தை ஒன்று. கூட வேலை செய்யும் சீனப் பெண் யாரோ விளம்பரத்திலிருந்து வீட்டுப் படத்தையும் விலாசத்தையும் மட்டும் அனுப்பியிருக்கிறாள், அந்த வரி இவள் கண்ணில் படவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பெயின்ட் இன்னும் படாத மூலையைப் பார்த்தாள்.

“மஞ்சள் இருக்கே, இது நம்ம ஆளுங்க வீடா அங்கிள்?” என்று கேட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“தெரியாதும்மா, நான் பெயின்ட் அடிக்க வந்தவன்” என்றேன்.

என் மகள் வீடு என்று சொல்ல வேண்டிய வாய், ஊரெல்லாம் அப்படிச் சொல்லிப் பெருமைப்பட்ட வாய். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து பிரஷை டின்னில் முக்கினேன். அந்தப் பிள்ளை அதை நம்பிவிட்டது. நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, இந்த வயதில் இப்படி வெயிலில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்களே என்று, வண்டியில் தனக்காக மாட்டி வைத்திருந்த தே ஓ ஐஸ் தேநீர்ப் பாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். குடித்தேன். போன இடத்திலெல்லாம் பேரைக் கேட்டதும் வீடு இல்லை என்கிறார்கள், பழகிப்போச்சு, இப்போதெல்லாம் கோபம்கூட வருவதில்லை என்றாள். பெயின்ட் டின் மூடியில் தன் நம்பரை எழுதி வைத்துவிட்டு, “வீட்டுக்காரங்களப் பாத்தா எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க அங்கிள்” என்றாள். சரிம்மா என்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. காரிலிருந்து முருகன் படத்தை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்து உள்ளே கொண்டுபோனாள். விஜயனைக் கூப்பிட்டு விளம்பரத்தையே எடுக்கச் சொல்லிவிட்டேன், அவன் ஏதோ முணுமுணுத்தான், முணுமுணுக்கட்டும். நிலைப்படிப் பெயின்டைச் சுரண்டப் பார்த்தேன், நன்றாகப் பிடித்துக்கொண்டது, ஆசாரியை வைத்து இழைக்கத்தான் வேண்டும்.

வீடு உன்னுடையது, யாருக்கு விடுவது என்பது உன் இஷ்டம், அப்பா சொல்கிறாரே என்று செய்யாதே. ஆனால் வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்கிறேன் என்று அந்தப் பிள்ளையிடம் ஒத்துக்கொண்டேன். வீட்டுக்காரி நீ. சொல்லிவிட்டேன்.

முருகன் அருளால் நீ எங்கே இருந்தாலும் உன் பேரைக் கேட்டதும் கதவு திறக்கட்டும். தீ இன்சூரன்ஸ் இந்த மாதத்தோடு முடிகிறது, மறக்காமல் புதுப்பித்துவிடு. டின் மூடியைப் படம் எடுத்து அம்மா போனிலிருந்து அனுப்புகிறேன். உனக்குச் சம்மதம் என்றால் சாந்தினியை நீயே கூப்பிட்டுப் பேசு. பெயின்ட் அடித்த ஆள் யார் என்று மட்டும் நீ சொல்லாதே, அம்மா. வீடு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அதை நான்தான் அந்தப் பிள்ளை முன்னால் போய் நின்று சொல்லவேண்டும்.

இப்படிக்கு,
வீட்டுக்காரியின் அப்பா,
ராஜசேகரன்