செவட்டையும் படைத்தவனும்

பாசமுள்ள அத்தாவுக்கு, உங்கள் மகள் நிலோபர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் பெரியத்தா வீட்டாரும் சுகம். தம்மாமில் அந்தச் சவூதி வெயில் எப்படி, காலில் எரிச்சல் குறைந்ததா என்று அம்மா தினமும் கேட்கிறார்கள், உங்களிடம் கேட்பதுபோல என்னிடம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நீங்கள் பேசும்போது பெரியத்தா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், வீடே சுற்றி உட்கார்ந்திருக்கிறது, அதில் நான் எதைச் சொல்ல? பக்கத்து வீட்டு முஜிபுர் அண்ணன் நாளை தம்மாமுக்குத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அம்மா தூங்குகிறார்கள். மும்முனைக் கரண்ட் வந்தால் பெரியத்தா மோட்டார் போட எழுந்துவிடுவார், அதற்குள் முடிக்க வேண்டும், எழுத்து கோணலாக இருந்தால் கோபிக்காதீர்கள்.

போன வெள்ளி, பதினொன்றாம் வகுப்பில் என்ன குரூப் என்று கேட்டீர்கள். நான் வாய் திறப்பதற்குள் பெரியத்தா, "காமர்ஸ்தான், பயாலஜி படிச்சுத்தான் புள்ள கெட்டுப்போச்சே" என்றார். நீங்களும் அண்ணன் சொன்னால் சரிதான் என்று போனை வைத்துவிட்டீர்கள். நான் எப்படிக் கெட்டேன் என்று கேட்கவில்லை. அதைத்தான் சொல்கிறேன். திராட்சை அறுப்புக்கு முன்னால் துஆ ஓதப் பள்ளிவாசல் அஜ்ரத் தோட்டத்துக்கு வந்திருந்தார், வழக்கம்போல முதல் கூடையைப் பள்ளிவாசலுக்கு எடுத்து வைத்திருந்தோம். இந்தத் தடவை செவட்டை நோய் விழுந்து பாதிப் பந்தலில் இலையெல்லாம் வெள்ளைப் பூசணம். பெரியத்தா மருந்தடிக்கும் தங்கப்பாண்டி அண்ணனை, "ஏலே, போன வருசம் இதே மருந்துதானடா கேட்டுச்சு, இப்பப் பழகிருச்சுடா, வேற மாத்து" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் டீ கொண்டுபோனேன். எந்தப் பாடம் பிடிக்கும் என்று அஜ்ரத் அன்பாகக் கேட்டார், பரிணாமம் என்றேன். பெரியத்தா சிரித்து, "கொரங்குல இருந்து வந்தோம்னு சொல்லித் தர்றாகளே, அதுவா? அந்த ஜெபஷீலா டீச்சர் வேணா வந்திருப்பாக" என்றார். எங்கள் பயாலஜி டீச்சரைச் சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை. "பூசணம் பழகலை பெரியத்தா, மருந்துல சாகாமத் தப்பிச்சது கொஞ்சம், அதுதான் பெருகித் தோட்டம் பூரா நிக்குது. நீங்க வருசா வருசம் மருந்து மாத்துறீகளே, அதுதான் அந்தப் பாடம்" என்றேன். தங்கப்பாண்டி அண்ணன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். வேலைக்காரர் முன்னால் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அஜ்ரத் கோபப்படவில்லை, "பூசணத்துக்குச் சரிதாம்மா, மனுசனுக்கு என்ன சொல்லுவ?" என்று மட்டும் கேட்டார். நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து பெரியத்தா என்னைப் பார்த்தாலே, "வாங்க கொரங்கு டாக்டர், சாப்புட்டீகளா" என்கிறார். அம்மாவோ, "வாய மூடிக்கிட்டு குடுக்குறதப் படி ஆத்தா, நாலு பேரு காதுல விழுந்தா யாரு பதில் சொல்றது" என்று அழுகிறார்கள்.

அத்தா, அஜ்ரத்தின் கேள்வி என்னை விடவில்லை. தொழுகையில் நின்றாலும் அதுதான் வருகிறது. பெரியத்தாவைவிட அதற்குத்தான் அதிகம் பயப்படுகிறேன். பெரியத்தா தினமும் மொபைலில் பெரியாறு அணை நீர்மட்டம் பார்க்கிறார், மழை மேகத்தின் படத்தையும் பார்க்கிறார், மலையடிவாரத்து லோயர் கேம்புக்கு அணைத் தண்ணீர் வந்ததும் அல்ஹம்துலில்லாஹ் என்கிறார். மழை எப்படி உண்டாகிறது என்று நான் படித்தபோது யாரும் கோபிக்கவில்லை. எப்படி என்று தெரிந்துகொள்வது, செய்பவன் யார் என்பதை மறுப்பதாகுமா? நம் பந்தலில் உள்ள கொடியெல்லாம் ஒரே தாய்க்கொடியின் குச்சியை வெட்டி நட்டது, அதனால்தான் ஒன்றுக்கு நோய் வந்தால் அத்தனைக்கும் வருகிறது. அல்லாஹ்வின் படைப்பு அப்படி இல்லை. நானும் பெரியத்தா மகள் ரஃபியாவும்கூட ஒன்றுபோல் இல்லை. ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறாகப் பிறப்பதால் ஏதோ ஒன்று தப்புகிறது, தப்பியது மெல்ல மாறுகிறது, கண்ணும் சிறகும் அப்படிக் கோடி வருடங்களில் சேர்ந்தவை என்கிறது புத்தகம். மாறிக்கொண்டே வாழும்படி ஓர் உயிரைப் படைப்பது சின்ன வேலையா என்று தோன்றுகிறது. ஆனால் அல்லாஹ் மண்ணிலிருந்து படைத்த முதல் மனிதர் ஆதம் நபியிடம் வந்தால் அங்கேயே நின்றுவிடுகிறேன். அதையும் நம்புகிறேன், பாடத்தையும் பொய் என்று சொல்ல முடியவில்லை. தப்பாத அத்தனையும் செத்துத்தானே போயிற்று, அதில் அவனுடைய ரஹ்மத், அந்தக் கருணை எங்கே என்றும் தெரியவில்லை. தெரியாததால்தான் பயாலஜி படிக்கக் கேட்கிறேன். தெரிந்திருந்தால் எனக்குக் காமர்ஸே போதும். ஈமான் போய்விட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள், ஒரு வக்துத் தொழுகைகூட விடவில்லை.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள், வெயிலில் வெறும் டீயைக் குடித்தே பொழுதை ஓட்டாதீர்கள். இந்தக் கடிதத்தைப் படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். சனிக்கிழமையோடு பள்ளியில் குரூப் எழுதிக் கொடுக்கும் நாள் முடிகிறது. அதனால் இந்த வெள்ளி, பெரியத்தாவிடம் இல்லாமல் என் பேரைச் சொல்லி, உனக்கு என்ன குரூப் வேண்டும் என்று கேளுங்கள். எல்லாரும் கேட்கட்டும். நீங்களே வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் அது உங்கள் சொல்லாக வரட்டும், அண்ணன் சொன்னதாக வேண்டாம். உங்கள் உடம்புக்கு ஆரோக்கியத்தையும் எனக்குக் கொஞ்சம் தைரியத்தையும் அல்லாஹ் தரட்டும், ஆமீன். கேட்டதும் எனக்குச் சட்டென்று வார்த்தை வராது அத்தா. லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதீர்கள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன்.

துஆவை நாடும் உங்கள் மகள்,
நிலோபர்
உத்தமபாளையம்